ஆடியில் நடந்து ஆவணியில் முளைத்த கூட்டம்

செலோடேப்பைக் கண்டால் மேனேஜர் அண்ணனுக்கு முகம் மாறிவிடும். செஞ்சியில் அவர் பொறுப்பில் இருந்த கல்யாண மண்டபத்துக்குள் நான் முதல்முறை நுழைந்தபோது என் கையில் ஒரு கட்டு சார்ட் பேப்பரும் ஒரு டப்பா மார்க்கர் பேனாவும் நாலு சுருள் செலோடேப்பும் இருந்தன. அவர் கண்ணுக்குச் செலோடேப் மட்டும்தான் பட்டது. "சொவத்துல ஒண்ணும் ஒட்டக் கூடாது மேடம். போன பங்குனியிலதான் பெயிண்ட் அடிச்சது. ஒட்டுனா தோலோட பேத்துக்கினு வந்துடும்" என்றார். ஒட்டாமல் எப்படிப் பயிலரங்கு நடத்துவது என்று கேட்டேன். அவருக்குப் பயிலரங்கு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் என் முகம் வாடியதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உள்ளே போய்த் துணி காயப்போடும் நைலான் கயிறு ஒன்றையும் ஒரு கூடை கிளிப்பையும் எடுத்துவந்து, மண்டபத்தின் ஒரு தூணிலிருந்து எதிர்த் தூணுக்கு இழுத்துக் கட்டினார். அடுத்த இரண்டு நாளும் எங்கள் சிந்தனைகள் எல்லாம் துவைத்துப் போட்ட வேட்டிகளைப் போல அந்தக் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. மின்விசிறி ஓடும்போதெல்லாம் எழுந்து படபடத்தன.

நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளர். தங்களுக்குள் பேசிக்கொள்ளாத நாலு பேரை ஒரே அறையில் உட்காரவைத்து, அவர்கள் பேசிக்கொண்டார்கள் என்று அறிக்கை எழுதுகிற வேலை அது. அந்த வருடம் எங்களுக்கு வந்த பணி, ஊரைப் பிடித்துக்கொண்ட வெளிநாட்டுச் செடிகளைப் பற்றியது. வேலிகாத்தான், உண்ணிச்செடி, பார்த்தீனியம், ஆகாயத்தாமரை என்று எங்கிருந்தோ வந்து இங்கே இருப்பதையெல்லாம் நெரித்துக்கொண்டு வளர்கிறவை. அவற்றை வெட்டுவது, பிடுங்குவது, திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது யார் யார் பொறுப்போ அவர்களையெல்லாம் கூட்டி இரண்டு நாள் பேசவைக்க வேண்டும். நான் செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரத்துப் பெண். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் நைனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "முள்ளு வெட்டறதுக்கு இன்னாத்துக்கு மீட்டிங்கு? அருவா பத்தாதா?"

அரிவாள் போதாது என்பது அவருக்கே தெரியும். எங்கள் பக்கத்து ஏரியின் வயிற்றில் பாதிக்கு மேல் வேலிகாத்தான்தான். அரசுக் காகிதங்களில் சீமைக்கருவேலம் என்று எழுதுவார்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயிலும் அது அடைத்துக்கொண்டு நின்றதால், முந்தைய ஐப்பசியில் பெய்த மழை ஏரிக்குள் போக வழி தெரியாமல் எங்கள் மல்லாட்டைக் கொல்லைக்குள், அதாவது வேர்க்கடலை நிலத்துக்குள், புகுந்துவிட்டது. ஏரி காய்ந்து கிடக்க, கொல்லை மிதந்தது. நைனா வரப்பில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த ஐப்பசிக்குள் ஏரியைச் சுத்தம் செய்யாவிட்டால் மறுபடியும் அதே கதைதான்.

சுத்தம் செய்ய யாருக்கும் மனமில்லாமல் இல்லை. ஏரியில் நிற்கும் மரங்களுக்கு ஓர் அலுவலகம், தண்ணீருக்கும் மண்ணுக்கும் இன்னோர் அலுவலகம், ஏலம் விட ஊராட்சி, வெட்டிக் கரிமூட்டம் போட மூட்டக்காரர்கள். வேலிகாத்தானுக்கு நடுவில் நம் நாட்டுக் கருவேல மரங்களும் கலந்து நின்றன. அவற்றின் மேல் வெட்டு விழக் கூடாது. எது எதுவென்று அடையாளம் போட்டுத் தந்தால் ஏலம் விடுகிறோம் என்றது ஊராட்சி. எப்போது வெட்டப் போகிறீர்கள் என்று சொன்னால் அடையாளம் போடுகிறோம் என்றது மரத்து அலுவலகம். வெட்டி முடித்துவிட்டுச் சொல்லுங்கள், வேரைத் தோண்ட ஜேசிபி அனுப்புகிறோம் என்றது தண்ணீர் அலுவலகம். ஜேசிபி வரும் நாள் தெரியாமல் வெட்டினால் அடிக்கட்டை மறுபடி தழைத்துக்கொள்ளும், பழி எங்கள் மேல் விழும் என்றார்கள் மூட்டக்காரர்கள். யார் சொன்னதிலும் தப்பில்லை. எல்லாரும் சரியாகவே பேசிக்கொண்டிருந்ததில் மரம் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

செஞ்சி மண்டபத்தைப் பிடித்ததற்குக் காரணம் ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, மண்டபம் காலி. மேனேஜர் அண்ணனுக்கும் அதுதான் காலியான மாதம். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். மற்ற மாதங்களில் தண்ணீர் லாரி, ஜெனரேட்டர், சம்பந்திக் கோபம், காணாமல் போன மாப்பிள்ளைச் செருப்பு என்று எல்லாவற்றுக்கும் அவர்தான். ஆடி பிறந்தால் பேச ஆளில்லாமல் வாசல் கேட்டில் சாய்ந்து பேருந்துகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பயிலரங்குக்கு முந்தைய நாள் நாங்கள் பேனர் கட்டிக்கொண்டிருந்தபோது கீழே நின்று அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்: 'அந்நியத் தாவர மேலாளர்களுக்கான கூட்டுப் பயிலரங்கு.' சென்னையிலிருந்து வந்த தலைப்பு அது, நான் வைத்ததல்ல.

"மேலாளர்னா மேனேஜர்தான மேடம்?"

"ஆமாண்ணே."

"அப்ப நானும் வரலாமில்ல?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, தாராளமாக வாங்கண்ணே என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை கஞ்சி போட்ட வேட்டியும் நெற்றியில் திருநீறும் கையில் ஒரு நோட்டுமாக முதல் வரிசையில், நட்ட நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறிமுகம் தொடங்கியது. பெயர், அலுவலகம், தொல்லை தரும் செடி என்று மூன்றையும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். மரத்து அலுவலகத்திலிருந்து வந்த வனவர், அடர்ந்த மீசைக்காரர், தன் பெயரைச் சொல்லும்போதே யாரையோ கண்டிப்பது போலச் சொன்னார். தண்ணீர் அலுவலகத்திலிருந்து இளம் இன்ஜினியரம்மா ஒருவர், மடித்த ஏரி வரைபடத்தைக் கைக்குழந்தை போல மடியில் வைத்திருந்தார். எங்கள் ஊராட்சித் தலைவர் எல்லாருக்கும் சால்வை போடலாமா என்று மெதுவாக என்னிடம் கேட்டார். மூட்டக்காரர்களின் சார்பில் வந்த அக்காதான் அந்தக் கூட்டத்திலேயே தன் கையால் வேலிகாத்தானை வெட்டியிருந்த ஒரே ஆள். அவர் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் அண்ணனின் முறை வந்தது. எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"நான் இந்த மண்டபத்து மேனேஜருங்க. என்னாண்ட செடி எதுவும் கெடையாது. பின்னாடி போய்ப் பாருங்க, ஒரு புல்லு இருக்காது. அவ்ளோ சுத்தமா வெச்சிருக்கேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். அன்று முழுக்க அனைவரும் ஒப்புக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

அழைப்புக் கடிதத்தில் நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். உங்களுக்கு அதிகத் தொல்லை தரும் செடியின் மாதிரியைக் கொண்டுவரவும். ஒரு கிளை, ஒரு பூ என்று கொண்டுவருவார்கள் என்பது என் எண்ணம். வனவர் உண்ணிச்செடியைப் பழத்தோடு ஒரு சாக்கு நிறையக் கட்டிவந்தார். ஒப்பிட்டுக் காட்டுவதற்கென்று நாட்டுக் கருவேல நெற்று ஒரு பையில் தனியாக. இன்ஜினியரம்மாவின் ஜீப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டிரம் நிறைய ஆகாயத்தாமரை இறங்கியது. அளவு கூடினால் மரியாதையும் கூடும் என்று நினைத்த தலைவர், பூவும் விதையுமாகப் பார்த்தீனியத்தை டிராக்டரில் ஏற்றிவந்து இறக்கினார். மூட்டக்கார அக்கா வேலிகாத்தான் நெற்று ஒரு மூட்டை கொண்டுவந்து, "இது எங்க ஆட்டுக்குத் தீனிங்க. நீங்க எதிரின்றீங்க. எதுக்கும் பாத்துக்கங்க" என்று வைத்தார். அத்தனையும் மண்டபத்தின் பின்கட்டில், கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் ஆளுக்கொரு பேப்பர் கொடுத்து, ஒரு சிக்கல் மரம் வரையுங்கள் என்றார். வேரில் காரணங்கள், கிளையில் விளைவுகள். வனவர் கேட்டார்: "என்ன மரம்?" பயிற்சியாளர் மறுபடியும் சிக்கல் மரம் என்றார். "அது தெரியுது சார். இலை எப்பிடி இருக்கும்? அது தெரியாம எப்பிடி வரையறது?" கடைசியில் அவர் வரைந்த வேலிகாத்தானில் இலைக்காம்புகூட நிஜம் போல இருந்தது. காரணம் எதையும் எழுதவில்லை. ஆணிவேரைத் தாளின் அடி வரைக்கும் இறக்கியிருந்ததைப் பார்த்த இன்ஜினியரம்மா, இவ்வளவு ஆழம் போக வாய்ப்பே இல்லை என்றார். வேர் எவ்வளவு ஆழம் போகும் என்ற அந்த விவாதம் டீ வந்து ஆறும் வரை நடந்தது. மூட்டக்கார அக்கா கயிற்றில் தொங்கிய மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார்: "இந்த மரத்தயும் நாங்கதான் வெட்டணுமா?"

மாலையில், யார் என்ன செய்ய வேண்டும் என்று குழுவாக எழுதச் சொன்னோம். நாலு குழுவும் நன்றாக எழுதின. நாலு தாளிலும் மற்ற மூன்று பேருக்கான வேலைகள்தான் இருந்தன. கிளிப்பைக் கழற்றி அவற்றை மடித்துக்கொண்டிருந்த என்னிடம் மேனேஜர் அண்ணன் வந்து ஆறுதல் சொன்னார். "பொண்ணு வீட்டார், மாப்ள வீட்டாரு மாதிரியே ஒக்காந்திருக்காங்க மேடம். நாளைக்குப் பந்தியில கலந்து ஒக்கார வெக்கறேன். அப்பறம் பாருங்க."

பார்த்தேன். மறுநாள் வாழையிலை போட்டு, வனவருக்குப் பக்கத்தில் இன்ஜினியரம்மா, அடுத்து தலைவர் என்று அவரே கையைப் பிடித்து உட்காரவைத்தார். பேச்சு உண்மையிலேயே தொடங்கியது. உற்சாகத்தில் இன்ஜினியரம்மா வரைபடத்தை இலைக்குப் பக்கத்தில் விரித்தார். கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது என்று காட்டுவதற்காகத் தலைவர் கையை நீட்டினார். ரச டம்ளர் கவிழ்ந்தது. அந்த வருடம் எங்கள் ஏரிக்குள் முதலில் பாய்ந்தது ரசம்தான். அங்கிருந்து கரை உடைத்து வனவரின் காக்கி பேண்ட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் சாப்பாட்டின் பாதியில் எழுந்துவிட்டார். அத்தனை வருடத்தில் தன் மண்டபத்துப் பந்தியில் பாதியில் எழுந்த முதல் ஆள் அவர்தான் என்று மேனேஜர் அண்ணன் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

'தொடர்ந்து பேசுவதெனத் தீர்மானிக்கப்பட்டது' என்று அறிக்கையின் கடைசி வரியை நான் எழுதினேன். அப்படி யாரும் சொல்லவில்லை. சான்றிதழ் கொடுத்து முடிந்ததும் ஜீப்புகளும் டிராக்டரும் அவசரமாகக் கிளம்பின. மேனேஜர் அண்ணன் மட்டும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதற்கு நிற்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. மிச்சமிருந்த சான்றிதழ் ஒன்றில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பின்கட்டுக் குவியலை மறுநாள் வண்டி அனுப்பி எடுத்துவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அன்றைய மனநிலையில் அதை அடியோடு மறந்துபோனேன்.

ஆடிக் கடைசியில் மூன்று நாள் மாலை மழை. ஆவணி பிறந்தது. ஒரு காலை நான் பேருந்துக்கு நிற்கும்போது போன் வந்தது.

"மேடம், உங்க மீட்டிங்கு மொளச்சிட்டுது."

"இன்னாண்ணே சொல்றீங்க?"

"பின்னாடி வந்து பாருங்க மேடம். எல்லாம் மொளச்சிட்டுது. ஞாயித்துக்கெழம மொதலாளி வீட்டு மூர்த்தம். அவரு சாயங்காலம் வந்து பாக்கப் போறாரு. ஒரு புல்லு இல்லாம வெச்சிருக்கேன்னு சொல்லிச் சொல்லித்தான் இத்தினி வருசம் வேல பாத்துட்டேன்."

ஓடினேன். பின்கட்டில் நின்றால் எப்போதும் ராஜகிரி மலை முழுசாகத் தெரியும். அன்று நான் மலையைப் பார்க்கவில்லை. கைகழுவும் தண்ணீர் ஓடி ஈரமாகக் கிடக்கும் அந்த இடம் முழுக்கப் பச்சை. எச்சில் இலை தின்ன வரும் தெருவாடுகள் நெற்று மூட்டையைப் பிரித்துத் தின்று, புழுக்கையாக அங்கேயே நட்டுவைத்திருந்தன. சுவரோரம் பார்த்தீனியம் பாய் விரித்தது போல எழுந்திருந்தது. பாத்திரம் கழுவும் சிமெண்ட் தொட்டியில் தண்ணீரே தெரியவில்லை. ஆகாயத்தாமரை மூடி, ஊதா ஊதாவாகப் பூத்திருந்தது. அதைத் தொட்டியில் யார் விட்டது என்று கேட்டேன். அண்ணன் தரையைப் பார்த்தார். "டிரம்முல கெடந்து வாடுச்சி மேடம். உசுருதானன்னு நான்தான்…" என்று இழுத்தார். இரண்டு நாள் பயிலரங்கில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த மனிதர். எனக்குப் போன் செய்வதற்கு முந்தைய நாள் தனியாகவே பார்த்தீனியத்தைப் பிடுங்கிப் பார்த்து, முழங்கை வரைக்கும் தடித்துச் சொறிந்துகொண்டு நின்றார்.

தப்பு என்னுடையது. அதிகாரிகளைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. செடி ஒழிக்கக் கூட்டம் போட்டுச் செடி வளர்த்தோம் என்று எந்த வாயால் சொல்வது? கூலிக்கு ஆள் பிடிக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. அண்ணன் எனக்கு முன்னாலேயே எல்லாருக்கும் போன் செய்துவிட்டிருந்தார். இரண்டு நாளும் நோட்டில் அவர் எழுதிக்கொண்டிருந்தது பெரும்பாலும் போன் நம்பர்கள்தான். என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று பதறிக் கேட்டேன். "அன்னிக்கு என்னாண்ட செடி இல்லன்னு சொன்னேனில்ல? இப்ப இருக்குது, வந்து சொல்லிக் குடுங்கன்னேன்" என்றார். அவரவர் அலுவலகத்திலிருந்து கடிதம் போயிருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து காப்பாற்றுங்கள் என்று ஒருவர் கூப்பிடும்போது வராமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது.

வந்து இறங்கிய நாலு பேரில் மூன்று பேர் முதலில் நின்றபடியே கருத்துச் சொன்னார்கள். மருந்து அடிக்கலாமா, மண்ணைப் புரட்டலாமா என்று வழக்கம் போலத் தொடங்கியபோது மூட்டக்கார அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினார். குத்துக்கம்பியால் ஒரு வேலிகாத்தான் கன்றின் பக்கத்தில் குத்தி நெம்பி முழுசாக எடுத்துக் காட்டினார். மேலே சுண்டுவிரல் அளவு செடி, கீழே அதைப் போல இரண்டு மடங்கு வேர். "மேலால புடிச்சி இழுத்தா கழுத்தோட வந்துடும், மறுபடி மொளைக்கும். கழுத்துக்குக் கீழ எடுக்கணும்" என்றார். இன்ஜினியரம்மா அதை வாங்கி விரலால் அளந்து பார்த்தார். வனவர் மீசைக்குள் சொன்னார்: "அன்னிக்கு வரைஞ்சேனே, அதான் இது." இன்ஜினியரம்மா துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் வரிசையாகக் குந்தியிருந்தோம். குந்தினால் யாருக்கும் பதவி தெரிவதில்லை, முதுகுதான் தெரிகிறது. இன்ஜினியரம்மா ஒரு கன்றில் கம்பியை வைத்தபோது வனவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

"இது கருவேலங் கன்னு மேடம். இத உட்ருங்க."

"ரெண்டும் ஒண்ணாதான சார் இருக்கு?"

"முள்ளப் பாருங்க. இதுக்கு வெள்ளையா, ஊசியாட்டம் இருக்கும்."

"எனக்கே தெரியலயே. அப்ப ஏரியில என் ஜேசிபிக்காரருக்கு எப்பிடி சார் தெரியும்?"

"துணி கட்டி உட்டுடறேன். வெள்ளத் துணி. அது இருக்கற மரத்துகிட்ட போவாதீங்க."

"எப்ப கட்டுவீங்க?" என்றார் தலைவர், பார்த்தீனியத்தோடு மல்லுக்கட்டியபடி.

"திங்கக்கெழம ஆரம்பிச்சா நாலு நாள்."

"அதுக்குள்ள நான் ஏலத்த முடிச்சுடறேன்."

"நாங்க கெழக்கால இருந்து வெட்டிக்கினு வரோம்" என்றார் அக்கா. "ஆனா வெட்டுன மறுநாளே வேரத் தோண்டிடணும் மேடம். பத்து நாளு உட்டீங்கன்னா தழைச்சுக்கும்."

"உங்களுக்குப் பின்னாடியே வண்டி வரும்க்கா" என்றார் இன்ஜினியரம்மா.

அவ்வளவுதான். யாரும் தலை நிமிரவில்லை. நான் மட்டும் கையில் மண்ணோடு அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு நாள், பயிற்சியாளர், மார்க்கர் பேனா, சிக்கல் மரம் எல்லாம் சேர்ந்தும் வராதது பார்த்தீனியம் பிடுங்கும்போது வந்துவிட்டது. எழுதிக்கொள்ளப் பேனாகூட என்னிடம் இல்லை. அண்ணன் எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதை எழுந்து நின்று, நிச்சயதார்த்தப் பத்திரிகை வாசிக்கிற ராகத்தில் உரக்கப் படித்தார். "நிகழும் ஆவணி மாதம் திங்கட்கிழமை மரத்தாபீசு சார் அவர்கள் வெள்ளைத்துணி கட்டுவதாகவும்…" என்று தொடங்கி ஜேசிபி வரைக்கும் போய் முடித்தார். எல்லாரும் மண் கையோடு கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் உள்ளே ஓடி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வைத்து எடுத்துவந்து, வனவரும் இன்ஜினியரம்மாவும் மாற்றிக்கொண்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வனவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

தட்டு கைமாறிய நேரத்தில் முதலாளி உள்ளே வந்துவிட்டார். சாயங்காலம் வர வேண்டியவர் மத்தியானமே வந்துவிட்டார். காக்கி உடுப்பையும் அரசு ஜீப்பையும் பார்த்து வெலவெலத்துப்போயிருந்தார். அண்ணன் சொறிந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "கவர்மெண்ட்டே வந்து நம்ம மண்டபத்தச் சுத்தம் பண்ணுதுங்க" என்றார். ஒரு வகையில் அது பொய்யில்லை. முதலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுற்றிப் பார்த்தார். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இன்னாப்பா, தாமரத் தொட்டியெல்லாம் வெச்சிருக்க! சொல்லவே இல்ல. ஜோரா இருக்குது. இத மட்டும் அப்பிடியே உடுங்க, பொண்ணு மாப்ள போட்டோ எடுத்துக்கட்டும்."

"கூடாது!"

வனவர், இன்ஜினியரம்மா, தலைவர், மூட்டக்கார அக்கா நாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பின்சுவரில் மோதி அது எதிரொலித்தது. முதலாளி இரண்டடி பின்வாங்கினார். அந்தப் பயிலரங்கின் ஒருமனதான தீர்மானம் அது ஒன்றுதான். எந்த அறிக்கையிலும் நான் அதை எழுத முடியவில்லை. பிறகு இன்ஜினியரம்மா கையை முழங்கை வரைக்கும் தண்ணீரில் விட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, தலைவர் வாங்கி மொட்டைமாடிச் சிமெண்ட் தரையில் வெயிலில் காயப்போட்டார். ஒரு பூவைக்கூடத் தொட்டியில் விட்டுவைக்கவில்லை. அண்ணன் மாடிப்படியில் நின்று அவை வாடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாவம் என்றுதான் நினைத்திருப்பார்.

ஏரி வேலை நோட்டில் எழுதியபடி அப்படியே நடந்துவிட்டது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஜேசிபி ஒரு வாரம் பழுதாகிக் கிடந்தது. வெள்ளைத் துணியை யாரோ சிறுவர்கள் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். வனவர் திரும்ப வந்து கட்டினார். ஐப்பசி மழை முன்கூட்டியே வந்துவிட்டதால் மேற்கு மூலை அப்படியே நின்றுபோனது. ஆனால் கால்வாய் திறந்துவிட்டது. மழை பெய்த மூன்றாம் நாள் காலை நைனாவோடு கரைமேல் போய் நின்றேன். துணி கட்டிய கருவேல மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன. பின்னால் எங்கள் கொல்லை தரையாகவே இருந்தது. நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏரியையும் கொல்லையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மீட்டிங்கு பரவால்ல" என்றார்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். குளிரூட்டிய அறைகளில், சுவரில் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்கிற இடங்களில், இதே வேலையைச் செய்கிறேன். துறைகளை எப்படி ஒன்றாக இயங்கவைப்பது என்று என்னைக் கேட்கிறவர்களுக்குக் காட்ட வண்ண வண்ணமாக ஸ்லைடுகள் வைத்திருக்கிறேன். அவற்றில் ஆடும் இல்லை, ரசமும் இல்லை. அதனாலேயே அவற்றைக் காட்டும்போது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கூச்சம். வனவர் ஓய்வுபெற்றுவிட்டார். இன்ஜினியரம்மா வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். தலைவர் அடுத்த தேர்தலில் தோற்றுவிட்டார். இருந்தாலும் வருடா வருடம் ஆடியில் ஒரு நாள் ஏரியில் முளைத்திருக்கும் கன்றுகளைப் பிடுங்க ஒரு கூட்டம் சேர்கிறது. பதவியில் இருப்பவர்களும் வருகிறார்கள், பதவி போனவர்களும் வருகிறார்கள். மேற்கு மூலையைப் பாதிவரை மீட்டுவிட்டார்கள்.

போன ஆடியில் நானும் போனேன். மேனேஜர் அண்ணன் மண்டப வேலையை விட்டுவிட்டார். முழங்கால் மடங்குவதில்லை. கரைமேல் வேப்பமரத்து நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யார் எந்த வரிசையில் எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர், பளபளக்கும் ஷூவோடு கரையில் நின்று அவரையே வெகுநேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் கன்று எடுத்துக்கொண்டிருந்த மூட்டக்கார அக்காவிடம் கேட்டார்: "அந்தப் பெரியவர் எந்த டிபார்ட்மென்ட்டுங்க?"

அக்கா நிமிர்ந்து, கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு யோசித்தார். நானும் யோசித்தேன். இத்தனை வருடத்தில் எனக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

"அவருதாங்க கூப்புடறவரு" என்றார் அக்கா. அடுத்த கன்றுக்குக் குனிந்துகொண்டார்.

என் விசிட்டிங் கார்டில் அச்சடித்திருக்கும் பதவிப் பெயர்கள் எல்லாம் அந்த நேரத்தில் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒன்றுகூட இவ்வளவு தெளிவாக இல்லை. இளைஞர் இன்னும் எதையோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்துவிட்டது.

"சார்! புதுசா வந்த சாரு! நிக்கறீங்களே, உங்க ஷூவாண்ட ஒரு கன்னு இருக்குது பாருங்க. கழுத்துக்குக் கீழ புடிச்சி எடுங்க."

அவர் கீழே பார்த்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு பேண்ட்டை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகக் குந்தினார்.